கப்பலேறாத 14 பிள்ளைகள்

1942 நவம்பர் 26ஆம் தேதி பிற்பகல் ஒஸ்லோத் துறைமுகத்திலிருந்து ‘டொனாவ்’ என்ற ஜேர்மன் கப்பல் புறப்பட்டது. உள்ளே 500க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நடக்க முடியாத முதியவர்கள் என்று எவரையும் விடவில்லை. ஸ்டெட்டின் துறைமுகம் வரை கடல்வழி, அங்கிருந்து ஆடுமாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அவுஷ்விட்ஸ். டிசம்பர் 1ஆம் தேதி போய்ச் சேர்ந்த பெண்களும் பிள்ளைகளும் அன்றைக்கே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதே ஒஸ்லோவில், அரச மாளிகைப் பூங்காவுக்கு அருகே, ஹோல்பெர்க்ஸ் வீதி 21ஆம் இலக்கத்தில் யூதச் சிறுவர் இல்லம் ஒன்று இருந்தது. ஒளிவுமறைவாக நடந்த இடமல்ல அது. பதிவுகளில் உள்ள முகவரி, அக்கம்பக்கத்தார் அறிந்த வீடு. கப்பல் புறப்படுவதற்கு முந்திய இரவில் நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடிய பொலிஸாருக்கு முதல் சுற்றிலேயே அகப்பட்டிருக்க வேண்டிய பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 14 பேர். ஒருவர்கூடக் கப்பலேறவில்லை. அது எப்படி நடந்தது என்பதுதான் என் தேடல்.

இப்படியான விடயத்தை ஆராய்பவர் முதலில் போகவேண்டிய இடம் நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம். சொங்ன்ஸ்வான் ஏரிக்குப் போகும் சுரங்க ரயில் பாதையோரம் இருக்கிறது அது. அதன் பெரும்பகுதி பாறைக்குள் குடையப்பட்ட களஞ்சியம். ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்து யூதர்களைப் பற்றி அங்கே குவிந்திருக்கும் காகிதம் மலைக்க வைக்கிறது. ஆனால் அதில் ஏறத்தாழ எல்லாமே அவர்களைப் பிடித்தவர்கள் எழுதியவை.

1942 தொடக்கத்தில் யூதர்களின் அடையாள அட்டைகளில் சிவப்பு ‘ஜே’ எழுத்தைக் குத்தும்படி உத்தரவு வந்தது. அதோடு ஒவ்வொருவரும் உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பெயர், பிறந்த இடம், நாட்டுக்குள் எப்போது வந்தீர், குடும்பத்தில் யார் யார், தொழில் என்ன, சொத்து என்ன. நிரப்பப்பட்ட படிவங்கள் ஆயிரத்துக்கும் மேல். கேட்டது நோர்வேஜியப் பொலிஸ், பதில் சொன்னவர்கள் சட்டத்துக்குப் பணிந்து பழகிய குடிமக்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையோடு உண்மையை எழுதிக் கொடுத்தார்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் அதே பதில்கள் கைது செய்யப் போகிறவர்களின் கையில் வழிகாட்டியாக இருந்தன.

அடுத்த அடுக்கு இன்னும் கொடியது. 1942 ஒக்டோபர் 26ஆம் தேதி 15 வயதுக்கு மேற்பட்ட யூத ஆண்களைக் கைது செய்யத் தொடங்கினார்கள். அதே நாளில் யூதர்களின் சொத்தைப் பறிக்கும் சட்டமும் வந்தது. பறித்ததை ‘கலைப்புச் சபை’ என்ற அலுவலகம் ஒழுங்காகக் கணக்கு வைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு. நாற்காலி, மேசைவிரிப்பு, படுக்கை விரிப்பு, சமையல் பாத்திரம் என்று வரிவரியாக. தங்கம், வெள்ளி, நகை, கைக்கடிகாரம் ஆகியன ஜேர்மனியருக்கு என்று தனியே பிரித்தார்கள், மிச்சம் ஏலத்துக்கும் விநியோகத்துக்கும் போனது. ஒரு வீட்டில் எத்தனை தலையணை இருந்தது என்று எழுதி வைத்த அரசு, அந்தத் தலையணையில் படுத்த பிள்ளை என்ன ஆனது என்று எழுதவில்லை.

இந்தக் கோப்புகள் போருக்குப் பின் அரை நூற்றாண்டு பெரும்பாலும் பேசப்படாமலே கிடந்தன. 1995 மே மாதம் பியோர்ன் வெஸ்ட்லி என்ற பத்திரிகையாளர் ‘டாகன்ஸ் நேரிங்ஸ்லீவ்’ நாளிதழில் இந்தக் கொள்ளையைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் பியார்ட்டெ புரூலாண்ட் என்ற இளம் வரலாற்று மாணவர் நோர்வே யூதர்களின் அழிப்பைத் தன் பட்ட ஆய்வாக எடுத்திருந்தார். 1996இல் அரசு ஊலுஃப் ஸ்கார்ப்னெஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 1997இல் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு முடிவுகளைக் கொடுத்தது. இழப்பைக் காசுக் கணக்காக மட்டும் பார்த்தது பெரும்பான்மை. புரூலாண்டும் பெரிட் ரைசலும் சேர்ந்த சிறுபான்மையோ ஒரு சமூகத்தையே துடைத்தெடுக்கும் திட்டத்தின் பகுதி இது என்று வாதிட்டது. 1999இல் நாடாளுமன்றம் சிறுபான்மையின் பார்வையை ஏற்று 450 மில்லியன் குரோனர் ஒதுக்கியது. ஒரு மாணவரின் பிடிவாதம் ஒரு நாட்டின் நினைவைத் திருத்தியது என்று சொன்னால் அது மிகையில்லை.

என் 14 பிள்ளைகள் இந்தக் காகித மலையில் அகப்படமாட்டார்கள். காரணம் வெளிப்படையானது. அவர்களைக் காப்பாற்றியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அந்தத் தாளே கொலைக்கருவியாகியிருக்கும். ஆகவே இங்கே தடயம் வேறு இடத்தில் இருக்கிறது: பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், வளர்ந்த பிள்ளைகளின் வாய்மொழியில், ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் திரட்டிய சாட்சியங்களில், கல்மேயர்ஸ் வீதிப் பழைய தொழுகைக்கூடத்தில் 2008இல் திறந்த யூத அருங்காட்சியகத்தில். பைக்டோய் தீபகற்பத்தில் குவிஸ்லிங் வாழ்ந்த மாளிகையில்தான் இன்று நோர்வேயின் இனஅழிப்பு ஆய்வு மையம் இயங்குகிறது. ஜேர்மனியருக்குத் துணைபோன தலைவனின் வீட்டுக்குள் அவன் அழிக்க நினைத்தவர்களின் வரலாற்றைப் படிப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சாட்சியங்களைப் படிக்கப் படிக்க என் கேள்வியின் திசை மாறியது. அந்த ஓர் இரவைத் துருவிக்கொண்டிருந்த நான் நான்கு ஆண்டுகள் பின்னே போகவேண்டியதாயிற்று.

1936-37 காலத்தில் கட்டடக் கலைஞர் ஒட் நான்சன் அகதிகளுக்கு உதவ ‘நான்சன் உதவி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். துருவப் பயணி ஃப்ரித்யோஃப் நான்சனின் மகன் அவர். நாடற்றவர்களுக்கு நான்சன் கடவுச்சீட்டு வாங்கிக் கொடுத்த அந்தத் தந்தையின் பெயரே அமைப்புக்கு மூலதனம். அக்கால நோர்வே அரசு யூத அகதிகளை உள்ளே விடுவதில் கைவிரித்தே நின்றது. 1851 வரை யூதர்கள் கால்வைக்கவே கூடாது என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்த நாடல்லவா! பெரியவர்களுக்குக் கதவு திறக்காதபோது பிள்ளைகளுக்காவது ஒரு கீற்றுத் திறக்க வைத்தார்கள். 1938 கோடையில் வியன்னாவிலிருந்து இருபதளவு பிள்ளைகள் விடுமுறை என்ற பேரில் வந்தார்கள். ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. விடுமுறை முடிந்தது, பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை. அவர்களுக்காகத்தான் யூதச் சமூகத்தின் துணையோடு சிறுவர் இல்லம் உருவானது.

1939 ஒக்டோபரில், போர் மூண்ட பிறகு, நான்சன் உதவியைச் சேர்ந்த சிகிரிட் ஹெல்லீசன் லுண்ட் பிராகாவிலிருந்து ஏறத்தாழ 40 பிள்ளைகளை ஜேர்மனி வழியாக ரயிலில் அழைத்து வந்தார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு செய்த பயணம். அந்தக் கூட்டத்தில் பிராட்டிஸ்லாவாவில் பிறந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெர்த்தோல்ட் குரூன்ஃபெல்ட் என்று பெயர்.

இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நீனா ஹாஸ்வொல். 1910இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்த யூதப் பெண், அவரே ஓர் அகதி. பிள்ளை உளவியலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அவரோடு நெருங்கி நின்றவர் நிக் வோல் என்ற பெண்மணி, பிள்ளைகளின் மனநலத்தை நோர்வேயில் தனித்துறையாக வளர்த்தெடுத்த முதல் தலைமுறை வைத்தியர்களில் ஒருவர். அடித்து வளர்ப்பதே முறை என்று உலகம் நம்பிய காலத்தில், தாய் தகப்பனைப் பிரிந்து அந்நிய மொழிக்குள் விழுந்த பிள்ளைக்கு முதலில் தேவை பயமின்மை என்று இவர்கள் எண்ணினார்கள். வளர்ந்த பிள்ளைகளின் நினைவுகளில் நீனாவின் பெயர் வரும் இடமெல்லாம் ஒரு தாயின் பெயராகவே வருகிறது.

ஜேர்மனியர் 1940 ஏப்ரல் 9ஆம் தேதி நோர்வேக்குள் நுழைந்தபின் சில பெற்றோர் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்படி கேட்டார்கள். குடும்பம் ஒன்றாக இருக்கட்டும் என்ற தவிப்பு. சில பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். அவர்களை அனுப்பி வைத்தவர்களும் அன்புடையவர்கள்தான், அழைத்தவர்களும் அன்புடையவர்கள்தான். இந்தப் பகுதியை எழுதும்போது கை ஓடவில்லை.

இனி அந்த இரவு. நவம்பர் 25 மாலை சிகிரிட் லுண்டின் வீட்டு வாசலுக்கு ஒரு மனிதர் வந்தார். இன்றிரவு மறுபடியும் பெரிய விருந்து, இந்த முறை சின்னப் பொட்டலங்களை எடுக்கப் போகிறார்கள் என்ற கருத்தில் ஒரு சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆண்களைக் கொண்டுபோய் ஒரு மாதமாகியிருந்தது. மிச்சம் இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். சின்னப் பொட்டலம் என்றால் எது என்று சிகிரிட்டுக்கு விளங்க நேரமெடுக்கவில்லை. அவர் வீடு வீடாக எச்சரிக்கக் கிளம்பினார், பலரும் அப்படியே கிளம்பினார்கள். காதோடு காதாகச் சேதி பரவியது.

நிக் வோலிடம் கார் இருந்தது. இது அற்ப விடயமல்ல. போர்க்காலத்தில் தனியார் வாகனம் ஓடுவது அரிது, பெற்றோல் கட்டுப்பாட்டில் இருந்தது, இரவில் ஓடும் எந்தக் காரும் சந்தேகத்துக்குரியது. வைத்தியர் என்ற முறையில் அவருக்கு ஓட்ட அனுமதி இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லலாம், சொன்னால் நம்புவார்கள். அவர் நேரே ஹோல்பெர்க்ஸ் வீதிக்குப் போனார். நீனா பிள்ளைகளை எழுப்பினார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடுப்புப் போடச் சொன்னதாகப் பிள்ளைகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். பெட்டி தூக்கினால் பயணம் என்று தெரிந்துவிடும், உடம்பில் போட்டால் குளிருக்கு உடுத்த பிள்ளை. அழுகை கேட்கக்கூடாது, காலடி கேட்கக்கூடாது, கேள்வி கேட்கவும் நேரமில்லை. 14 பிள்ளைகளை ஒரே தடவையில் ஏற்ற முடியாததால் கார் இரண்டு முறை ஓடியது. கெர்டா தான்பேர்க் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நடுநிசியில் எழுப்பி, இருட்டில் யாரோ ஒருவருடைய காரில் ஏறு என்றால் ஏழு வயதுப் பிள்ளை ஏன் சத்தமில்லாமல் ஏறுகிறது? எந்த விசாரணை அதிகாரியும் கேட்டிருக்க மாட்டாத இந்தக் கேள்விக்குப் பதில் 1938க்கும் 1942க்கும் இடையில் இருக்கிறது. எழுப்பிய கை தெரிந்த கை. கார் ஓட்டிய அம்மா ஏற்கெனவே வந்து போய்க்கொண்டிருந்த வைத்தியர். அன்றாடப் பராமரிப்பில் கட்டிய நம்பிக்கைதான் அந்த இரவில் 14 பிள்ளைகளைப் படியிறக்கியது. வீரம் பின்னால் வந்து சேர்ந்தது.

அதே இரவின் மறுபக்கத்தைப் பார்க்க மறுபடியும் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். கைது நடவடிக்கையை நடத்திய பொலிஸ் அதிகாரி க்னூட் ரோட், ஒஸ்லோவில் ஏறத்தாழ 100 டாக்சிகளைத் திரட்டினார். அதிகாலையில் அவை நோர்வேஜியப் பொலிஸாரை ஏற்றிக்கொண்டு முகவரி முகவரியாகப் போயின, தாய்மாரையும் பிள்ளைகளையும் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தன. மருத்துவமனைக் கட்டில்களில் இருந்தவர்களையும் எடுத்து வந்தார்கள். போருக்குப் பின் ரோட் இரண்டு முறை விசாரிக்கப்பட்டு இரண்டு முறையும் விடுதலையானார். எதிர்ப்பியக்கத்துக்கு அவர் இரகசியமாக உதவியதே பெரிதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தத் தீர்ப்பை இன்று படிப்பவருக்கு, நீதிமன்றத்துக்குள் அந்தத் தாய்மார் கணக்கில் வரவே இல்லை என்பது புரியும். நோர்வேஜியரின் பங்குக்காக அரசின் சார்பில் பிரதமர் ஜென்ஸ் ஸ்டோல்டன்பேர்க் மன்னிப்புக் கேட்டது 2012 ஜனவரி 27இல்.

நூறு டாக்சிகள் ஒரு பக்கம். இன்னொரு டாக்சியும் இருந்தது. அதை ஓட்டியவர் மார்ட்டின் சூல்வாங். தான்பேர்க்கின் வீட்டில் பிள்ளைகள் ஒரு வாரமளவு ஒளிந்திருந்தபின், சின்னக் குழுக்களாகப் பிரித்து எல்லைப்புறத்துக்கு ஏற்றிச் சென்றார். ஒரு வீட்டில் இத்தனை பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதென்றால் என்னவென்று பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பாடு பங்கீட்டு அட்டைக் காலம் வேறு. எங்கிருந்தோ உணவு வரவேண்டும், வருவது யார் கண்ணிலும் படக்கூடாது. எல்லைக் காட்டில் ஊலா ரவுக்கன், ஊலா பிரைஷ்யோபெர்கெ என்ற உள்ளூர் மனிதர்கள் பொறுப்பேற்றார்கள். டிசம்பர் காடு, பனி, குறுகிய பகல். பிள்ளைகள் நடந்து சுவீடனுக்குள் போனார்கள். நீனாவும் போனார். சுவீடனில் அலிங்சோஸ் என்ற ஊரில் அதே பிள்ளைகளுக்கு அதே நீனாவோடு மறுபடியும் ஓர் இல்லம் அமைந்தது.

எல்லை கடத்தியவர்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் போற்ற முடியாது. ஒஸ்லோவின் கார்ல் பேர்னர்ஸ் பிளாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து லொறிகளில் தார்ப்பாய்க்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் பேரைச் சில வாரங்களுக்குள் சுவீடனுக்கு அனுப்பிய குழு ஒன்று இருந்தது. ‘கார்ல் ஃபிரெட்ரிக்சன் போக்குவரத்து’ என்று அதற்குப் பெயர். அரசர் ஹோக்கனின் இயற்பெயர் கார்ல், தந்தை பெயர் ஃபிரெட்ரிக், அதைக் கோத்து வைத்த மறைபெயர். தோட்டக்காரர் ரோல்ஃப் சீவர்சனை 1944இல் ஜேர்மனியர் சுட்டுக் கொன்றார்கள். அதே 1942இல் யாக்கோப், ராக்கெல் ஃபெல்ட்மான் என்ற யூதத் தம்பதியரை அவர்களின் வழிகாட்டிகளே கொன்று காட்டுக் குளமொன்றில் போட்டார்கள். 1947இல் அந்த வழிகாட்டிகள் இருவரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். தப்ப ஓடுபவரின் உயிர் வழிகாட்டியின் மனச்சாட்சியில் தொங்கியது. 14 பிள்ளைகளின் கதையில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் நல்ல கை கிடைத்தது. ஒரே ஒரு கண்ணி பிசகியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நோர்வேயில் இருந்த ஏறத்தாழ 2,100 யூதர்களில் 770க்கும் மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. 1943 பெப்ரவரியில் ‘கோத்தன்லாண்ட்’ கப்பலில் 158 பேரோடு ஏற்றப்பட்ட லியோ ஐத்திங்கர் அந்தச் சிலரில் ஒருவர். நான்சன் உதவி வழியாகச் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த வைத்தியர் அவர். அவுஷ்விட்ஸிலிருந்து மீண்டு, மனநல வைத்தியராகி, முகாம்களிலிருந்து வந்தவர்களின் மனக்காயங்களையும் பின்னர் நோர்வேக்கு வந்த அகதிகளின் மனநிலையையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். போர் முடிந்தும் உடம்பில் முடியாத போரைப் பற்றி இன்று எங்கள் தமிழ்ச் சனத்தால் வைத்தியரிடம் பேச முடிகிறதென்றால், அதற்கு வழி வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஏழு வயதில் வந்த பெர்த்தோல்ட் குரூன்ஃபெல்டும் மனநல வைத்தியரானார். நாடறிந்த பேச்சாளர், பெண்களின் கருக்கலைப்பு உரிமைக்காக வாதாடியவர், 2007இல் ஒஸ்லோவில் மறைந்தார். மகள் நீனா குரூன்ஃபெல்ட் திரைப்பட இயக்குநர். தந்தையின் பிறப்பு மூலத்தைத் தேடி 2005இல் ஆவணப்படம் எடுத்தார். பிறகு அதே தேடலைத் தொடர்ந்து அந்தச் சிறுவர் இல்லத்தின் கதையையே ‘நீனாவின் பிள்ளைகள்’ என்று படமாக்கினார். காப்பகத்தில் இல்லாத கதையைக் காப்பாற்றப்பட்ட பிள்ளையின் மகளே மீட்டுத் தந்திருக்கிறார். நிக் வோல் 1953இல் பிள்ளைகளின் மனநலத்துக்காக ஒஸ்லோவில் தொடங்கிய நிலையம் அவர் பெயரில் இன்றும் இயங்குகிறது. அவர் 1960இல் இறந்தார். யாத் வஷேம் அவரையும் அந்தச் சங்கிலியில் நின்ற மற்றவர்களையும் கௌரவித்தது 2006இல். நிகழ்ந்து 64 ஆண்டுகள் கழித்து.

64 ஆண்டுகள் என்ற கணக்கு எங்கள் சொந்தக் கதையை நினைவூட்டி என்னைத் தூங்கவிடவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தாக்கத் தேடி வந்தவர்களின் கையிலும் பட்டியல் இருந்தது, வாக்காளர் பதிவேடு. ஒரு பொலிஸ் படிவத்துக்கும் ஒரு வாக்காளர் பதிவேட்டுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைவு என்பதை ஆவணக் காப்பகத்தில் இருந்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். அந்த நாட்களில் தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திய சிங்கள, முஸ்லிம், பறங்கியர் அயலவர் பலர். அப்படி ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்தவர்கள் ஒஸ்லோவில், பெர்கனில், ஸ்டவாங்கரில் எங்கள் நடுவே இருக்கிறார்கள். அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

ஒஸ்லோவின் 14 பிள்ளைகளுக்கு மகள் ஒருத்தி கமெராவோடு வந்தாள். எங்கள் பக்கத்தில் பேரன் பேத்திகள் கைப்பேசி வைத்திருக்கிறார்கள், ஒலிப்பதிவு செய்ய அது போதும். வெள்ளவத்தை ஒழுங்கை எது, தெகிவளை வீட்டு இலக்கம் என்ன, எந்த நாள், எத்தனை மணி, கதவைத் திறந்த அம்மாவின் பெயர் என்ன, அன்றிரவு சாப்பிட என்ன தந்தார்கள், அகதி முகாமுக்கு ஏற்றிச் சென்ற வாகனம் யாருடையது. இந்தக் கேள்விகளை இந்த மாதமே உங்கள் அப்பாவிடமும் பெரியம்மாவிடமும் கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதுங்கள்.